சம்பளச் சீட்டு இல்லாதவனுக்கு வீட்டுக் கடன்: எந்தக் கதவைத் தட்டுவது?

ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அக்கா மகனும் அவன் மனைவியும் கோலாலம்பூரில், செந்தூலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தோசைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "சின்னம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று போனை நீட்டினான். வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம். மேலே பெரிய வங்கி ஒன்றின் சின்னம், கீழே மேனேஜர் கையெழுத்து, நடுவில் "உங்கள் 300,000 வெள்ளி வீட்டுக் கடன் அங்கீகரிக்கப்பட்டது". இவன் இதுவரை எந்த வங்கியிலும் ஒரு ஃபாரம்கூட நிரப்பியதில்லை. ஃபேஸ்புக் விளம்பரம் ஒன்றில் பெயரும் ஐசி (அடையாள அட்டை) நம்பரும் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான். கடிதத்துக்கு அடுத்த செய்தி: ப்ராசஸிங் ஃபீ 1,200 வெள்ளி (ரிங்கிட்), இன்று மாலை 5 மணிக்குள் போட்டுவிடவும். கணக்கு எண் யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது.

நான் ஜாலான் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீஸில் 22 வருடம் கிராணியாக இருந்தவள். வீடு வாங்கும் ஒப்பந்தங்களை டைப் அடித்து, முத்திரை அடித்து, நில அலுவலகத்துக்கு அலைந்தே பாதி வயது போனது. அதனால் உறவில் யாருக்கு வீட்டு விஷயம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்ட நானே 2009ல் ஒரு மலிவு விலை ஃபிளாட்டுக்கு "புக்கிங்" என்று ஒரு ஏஜென்ட் கையில் 2,000 வெள்ளி கொடுத்து ஏமாந்தவள். ரசீதில் கம்பெனி பெயர் இருந்தது, அந்த முகவரியில் கம்பெனி இல்லை. வெட்கத்தில் ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே புத்திசாலிகள் ஏமாற மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அந்த ஏமாற்றத்துக்குப் பிறகு ஒரு பழக்கம் வந்தது. எந்த வழியைப் பார்த்தாலும் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: முதல் வெள்ளி யார் கணக்குக்குப் போகிறது, எப்போது போகிறது? அன்றைக்கு மேசையில் இருந்த எல்லா வழிகளையும் இந்த ஒரு கேள்வியால்தான் அளந்தோம்.

முதலில் அவர்கள் நிலைமை. இவன் இ-ஹெய்லிங், அதாவது ஆப்பில் கூப்பிடும் டாக்சி, ஓட்டுகிறான். பெட்ரோல், சர்வீஸ் போக மாதம் சுமார் 3,000 வெள்ளி நிற்கும், சில மாதம் குறையும். சம்பளச் சீட்டு கிடையாது. அவள் ஒரு பாலர் பள்ளியில் 2,600 வெள்ளி சம்பளம், சீட்டு உண்டு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) உண்டு. கார் கடன் மாதம் 650. வாடகை 1,200. வேண்டியது கோலாலம்பூருக்குள் 300,000 வெள்ளிக்குள் ஒரு வீடு.

போனில் வரும் கடனும் ஆலோங் என்ற கந்துவட்டிக்காரனும்

அந்த வாட்ஸ்அப் கடிதத்தை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். வங்கி கடன் கொடுப்பதற்கு முன் உங்களிடம் பணம் கேட்காது. வக்கீல் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் உண்டுதான், ஆனால் அவை ஒப்புதல் கடிதத்தில் நீங்கள் நேரில் கையெழுத்துப் போட்ட பிறகு, வக்கீல் நிறுவனத்தின் கணக்குக்கும் மதிப்பீட்டாளரின் நிறுவனத்துக்கும் போகும். தனி ஆள் பெயரில் ஒரு காசும் போகாது. 1,200 கட்டினால் அடுத்து இன்சூரன்ஸ் 2,800 என்று வரும், அப்புறம் "கணக்கு எண் தவறாக அடித்துவிட்டீர்கள், கடன் தொகை முடங்கிவிட்டது, விடுவிக்க 4,000" என்று வரும். ஆபீஸுக்கு அழுதுகொண்டு வந்தவர்கள் சொன்ன வரிசை ஏறக்குறைய இதுதான். ஏற்கெனவே போன பணத்தை மீட்கும் ஆசைதான் அடுத்த பணத்தைப் போட வைக்கிறது.

போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தோம். புகார் எதுவும் இல்லை என்று வந்தது. "அப்போ சரிதானே சின்னம்மா?" என்றான். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அந்தத் தளம் ஏற்கெனவே யாரோ புகார் கொடுத்த கணக்குகளைத்தான் காட்டும். நேற்று திறந்த கணக்கு அதில் எப்படி இருக்கும்? சிவப்பு விழுந்தால் ஓடிவிட வேண்டும், விழாவிட்டால் இன்னும் எதுவும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

உரிமம் பெற்ற வட்டிக்கடைகளைப் பற்றியும் கேட்டான், வங்கி தராத அந்த 10 சதவிகித முன்பணத்துக்கு. சட்டப்படி அவர்கள் இருக்கிறார்கள். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு உரிமம் கொடுக்கிறது. வட்டி, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 சதவிகிதம், அடமானம் இருந்தால் 12 சதவிகிதம், அதற்கு மேல் வாங்கக் கூடாது. ஒப்பந்தம் சட்டம் சொல்லும் அட்டவணை வடிவில் இருக்க வேண்டும், உங்களுக்கு ஒரு பிரதி தர வேண்டும். கையெழுத்துப் போட வெற்றுத்தாள் நீட்டுகிறவன், ஏடிஎம் அட்டையை வாங்கி வைத்துக்கொள்கிறவன் உரிமம் காட்டினாலும் ஆலோங்தான். சரி, நல்ல கடையாகவே இருக்கட்டும். 30,000 வெள்ளிக்கு 18 சதவிகிதம் என்றால் ஒரு வருட வட்டி மட்டும் 5,400. வீட்டுக் கடன் தவணையோடு இதையும் கட்டுவது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது மாதிரி. அந்த யோசனையை ஓரம் தள்ளினேன்.

அவன் மனைவி மெதுவாக, "கூட்டு போடலாமா?" என்றாள். பலர் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டைத்தான் சொன்னாள். நம் வீடுகளில் பாதி நகையும் பாதி கல்யாணமும் கூட்டுப் பணத்தில் நடந்தவை. ஆனால் மலேசியாவில் கூட்டு நடத்துவதைத் தடுக்க 1971லேயே சட்டம் வந்துவிட்டது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே நம் "கூட்டு" என்ற சொல் அப்படியே இருக்கிறது. நம் மொழி சட்டப் புத்தகத்தில் ஏறியதற்குப் பெருமைப்படுவதா, எந்த விஷயத்துக்காக ஏறியது என்று வருத்தப்படுவதா, தெரியவில்லை. நடத்துகிறவர் ஓடிவிட்டால் நீங்கள் தைரியமாகப் போய்க் கேட்க முடியாத பணம் அது. வீட்டு முன்பணத்துக்கு வேண்டாம்.

"ஃபுல் லோன், கேஷ் பேக்"

இதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் வழி. ஏனென்றால் இதில் வீடு உண்மை, வங்கி உண்மை, வக்கீலும் உண்மை. பொய்யாக இருப்பது விலை ஒன்றுதான்.

அவர்கள் செத்தாபாக்கில் ஒரு பழைய அபார்ட்மென்ட் பார்த்திருந்தார்கள். உரிமையாளர் கேட்பது 270,000. ஏஜென்ட் சொன்னாராம்: "ஒப்பந்தத்தில் 320,000 என்று போடுவோம். வங்கி அதில் 90 சதவிகிதம், அதாவது 288,000 கொடுக்கும். வீட்டுக்காரருக்கு 270,000 போக மீதி 18,000 உங்க கையில். முன்பணமும் வேண்டாம், ரெனோவேஷனுக்கும் காசு." அவன் கண் பளபளத்ததை நான் பார்த்தேன். என் கண்ணும் இருபது வருடத்துக்கு முன் பளபளத்திருக்கும்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 270,000 வீட்டுக்கு நேர்மையாக 90 சதவிகிதம் என்றால் கடன் 243,000. 4 சதவிகித வட்டி, 35 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 1,076 வெள்ளி. 288,000 என்றால் 1,275. மாதம் 199 அதிகம், 420 மாதத்துக்கு 83,000 வெள்ளிக்கு மேல். அதையாவது வட்டி என்று விட்டுவிடலாம். இரண்டு மூன்று வருடத்தில் வீட்டை விற்க வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வாய்? 270,000 பெறுமான வீட்டின் மேல் அதைவிடப் பெரிய கடன் உட்கார்ந்திருக்கும். விற்றும் கையிலிருந்து பணம் போட்டால்தான் வங்கி விடும்.

அதைவிட முக்கியம், கையெழுத்து. நான் டைப் அடித்த ஆயிரம் ஒப்பந்தங்களில் வாங்குபவர், விற்பவர், சாட்சி, வக்கீல் கையெழுத்து பார்த்திருக்கிறேன். இந்த யோசனை சொன்ன ஏஜென்டின் கையெழுத்து எதிலும் இருந்ததில்லை. வங்கியிடம் பொய் விலை சொன்னது யார் என்று நாளைக்கு விசாரணை வந்தால் காகிதத்தில் இருப்பது நீதான், தம்பி.

இதற்கு ஒரு பெரியண்ணன் உண்டு. ஒரே வாரத்தில் நாலைந்து வங்கிகளில் ஒரே நேரத்தில் விண்ணப்பித்து, ஒரு கடன் இன்னொரு வங்கியின் கண்ணில் படுவதற்குள் எல்லாவற்றையும் வாங்கி, நாலைந்து வீட்டைச் சேர்த்து எடுக்கச் சொல்லும் "முதலீட்டு வகுப்புகள்". கேஷ் பேக்கிலேயே தவணை கட்டலாம், வாடகை மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். வாடகைக்கு ஆள் வராத மாதம் முதல் அத்தனை வீடும் உங்கள் தலையில். அந்த வகுப்புக் கட்டணத்தை வாங்கியவர் அப்போது அடுத்த ஹோட்டலில் அடுத்த வகுப்பு நடத்திக்கொண்டிருப்பார்.

அந்த ஏஜென்டைப் பற்றி ஒன்று. பதிவு பெற்ற வீட்டு விற்பனை நெகோஷியேட்டருக்கு ஆர்இஎன் என்ற பதிவு எண்ணும் சிவப்பு அட்டையும் இருக்கும், ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் எல்பிபிஇஎச் வாரியத்தில் தேடிப் பார்க்கலாம். முன்பணம் அவர் பெயரில் போகக் கூடாது, அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கோ வக்கீல் கணக்குக்கோதான் போக வேண்டும். அட்டை இருப்பதால் யோசனை நல்லதாகிவிடாது. இவருக்கு அட்டை இருந்தது.

வங்கி நேரடியாக, அல்லது உத்தரவாதத்தோடு

இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம். முதல் இரண்டு வீட்டுக் கடன்களுக்கு வங்கிகள் பொதுவாக விலையில் 90 சதவிகிதம் வரை கொடுக்கும், மூன்றாவதிலிருந்து 70 சதவிகிதம் என்பது 2010லிருந்து மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கட்டுப்பாடு. தவணைக் காலம் அதிகபட்சம் 35 வருடம். 300,000 வீடு என்றால் கடன் 270,000, தவணை சுமார் 1,195. இவர்கள் இப்போது கட்டும் வாடகையும் கிட்டத்தட்ட அதுதான். அதனால்தான் எல்லோரும் "வாடகை கட்டுறதுக்குப் பதிலா வீடு வாங்கிடலாமே" என்கிறார்கள். ஆனால் வாடகை வீட்டில் பராமரிப்புக் கட்டணம், கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சிங்கிங் ஃபண்ட், மதிப்பீட்டு வரி, குழாய் உடைந்தால் பிளம்பர் எல்லாம் வேறொருவர் பாடு. மாதம் 250 வெள்ளி கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கையில் வேண்டியது: 30,000 முன்பணம், ஒப்பந்தத்துக்கு வக்கீல் கட்டணம் 1.25 சதவிகிதம் என்று 3,750, கடன் பத்திரத்துக்கு இன்னொரு 3,375. பெயர் மாற்றத்துக்கு முத்திரை வரி 5,000 வரும், கடன் பத்திரத்துக்கு 1,350 வரும். 500,000 வெள்ளி வரையிலான முதல் வீட்டுக்கு இந்த இரண்டு வரிக்கும் விலக்கு உண்டு, முதல் வீடு என்று சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும். ஆக, விலக்கு கிடைத்தாலும் 37,000க்கு மேல்.

இபிஎஃப்? அதில் அகௌன் செஜாத்ரா என்ற உள்கணக்கிலிருந்து எடுக்கலாம். விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசம், அதோடு விலையில் 10 சதவிகிதம், அதுவரை அனுமதி, கணக்கில் இருந்தால். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் விண்ணப்பிக்க முடியும். முதல் நாள் முன்பணத்துக்கு அது உதவாது, பின்னால் அந்த ஓட்டையை அடைக்கத்தான் உதவும். இன்னொன்று, அந்த விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே இபிஎஃபின் ஐ-அகௌன் இணையத்தளத்தில் போடலாம், இலவசம். "இபிஎஃப் எடுத்துத் தருகிறோம், 10 சதவிகிதம் கமிஷன்" என்று வருபவர் யாரையும் இபிஎஃப் ஏஜென்டாக நியமித்ததே கிடையாது.

முன்பணமே இல்லாதவர்களுக்கு இரண்டு கதவுகள் இருக்கின்றன. இரண்டையும் மக்கள் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, 2011ல் வந்த ஸ்கீம் ரூமா பெர்த்தாமாகு. பெரும்பாலும் சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கு. வங்கி வழக்கமாகக் கொடுக்காத அந்த 10 சதவிகிதத்துக்கு காகாமாஸ் என்ற தேசிய அடமான நிறுவனத்தின் துணை நிறுவனம் ஒன்று உத்தரவாதம் நிற்கும், வங்கி 100 சதவிகிதம் வரை கொடுக்கலாம். தனி ஆள் வருமானம் 5,000க்குள், கணவன் மனைவி சேர்ந்தால் 10,000க்குள் இருக்க வேண்டும். இவர்கள் விஷயத்தில் அவள் ஒருத்தி பெயரில் போட்டால், 300,000 முழுக்கடனுக்குத் தவணை சுமார் 1,328. அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல். சில வங்கி தலையாட்டலாம், பல வங்கி உதட்டைப் பிதுக்கும். வீடு அவள் பெயரில் மட்டும் இருக்கும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவனுக்கு இருந்ததா என்று கேட்கவில்லை.

இன்னொன்று, எஸ்ஜேகேபி. நிதி அமைச்சின் கீழ் 2008ல் தொடங்கிய நிறுவனம். நிலையான சம்பளம் இல்லாதவர்களுக்கு, அதாவது அங்காடிக்காரர், டாக்சி ஓட்டுநர், சொந்தத் தொழில், இப்போது இ-ஹெய்லிங், டெலிவரி. முதல் வீட்டுக்கு 500,000 வெள்ளி வரை. இங்கே தெளிவாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: எஸ்ஜேகேபி கடன் கொடுப்பதில்லை. வங்கி கொடுக்கும் கடனுக்கு உத்தரவாதம்தான் கொடுக்கிறது. நீங்கள் போக வேண்டியது பங்கேற்கும் வங்கியின் கவுன்டருக்கு. "எஸ்ஜேகேபி லோன் ரெடி, ஃபீ கட்டுங்க" என்று போன் வந்தால் அதுவே அடையாளம்.

எது நல்லது? என் கருத்து, இவர்களுக்கு இரண்டு பேர் பெயரிலும் எஸ்ஜேகேபி வழியாகக் கேட்பது. வங்கி அவன் 3,000ஐ அப்படியே எடுத்துக்கொள்ளாது, 2,000 என்று குறைத்தே எண்ணும் என்று வைப்போம். மொத்தம் 4,600. முழுக்கடனுக்கே தவணை 1,328, கார் 650, சேர்ந்து 1,978. நாற்பத்து மூன்று சதவிகிதம். இது பேசக்கூடிய எண். ரூமா பெர்த்தாமாகு வழியில் காகிதம் எளிது, சுமை ஒரே தோளில். எஸ்ஜேகேபி வழியில் சுமை பகிரும், காகிதம் கொல்லும்.

அந்தக் காகிதம் என்ன என்று கேட்டான். ஆறு மாத வங்கிக் கணக்கு, ஆப்பில் வரும் வருமான அறிக்கை, எல்லாவற்றுக்கும் மேலாக வருமான வரி ஃபாரம் பி. அவன் இதுவரை ஒரு வருடம்கூடப் போட்டதில்லை. "வரி கட்டற அளவுக்கு சம்பாதிக்கலையே சின்னம்மா." கட்ட வேண்டியது பூஜ்யமாக இருந்தாலும் போட்டுவை. உன் வருமானத்தை அரசாங்கத்திடம் நீ சொன்னதற்கு உன் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். கடைசி நாள் ஜூன் 30. அன்றைக்குக் கையில் பன்னிரண்டு நாள் இருந்தது.

அரசாங்க வீடுகள்: வரிசையும் வரிசையை விற்பவர்களும்

கோலாலம்பூரில் 2013ல் ரூமாவிப் என்று தொடங்கி, பிறகு ரெசிடென்சி விலாயா என்று பெயர் மாறிய வீடுகள் இருக்கின்றன. விலை 300,000க்குள். தனி ஆள் வருமானம் 10,000க்குள், தம்பதி 15,000க்குள். கோலாலம்பூரில் பிறந்தவர், வசிப்பவர், வேலை செய்பவருக்கு முன்னுரிமை. பதிவு இணையத்தில், இலவசம். திரும்ப விற்பதற்குக் கட்டுப்பாடு உண்டு, அதனால் இது குடியிருக்கும் வீடு, முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த பிரிமா வீடுகள் 100,000 முதல் 400,000 வரை, குடும்ப வருமானம் 2,500 முதல் 15,000. பினாங்கில் இருப்பவர்கள் மாநில வீடமைப்பு வாரியத்தில் பதிய வேண்டும். அங்கே மலிவு வீடு 42,000, நடுத்தர மலிவு வீடு 72,500 என்று விலை வைத்திருந்தார்கள். பட்டர்வொர்த்தில் என் தங்கை மகள் அப்படித்தான் வாங்கினாள், காத்திருந்த காலத்தில் இரண்டு பிள்ளை பிறந்துவிட்டது.

பிபிஆர் என்ற மக்கள் வீடமைப்புத் திட்டத்தின் வாடகை வீடு மாதம் 124 வெள்ளி. அந்த எண்ணைக் கேட்டாலே மனம் அலைபாயும். வரிசை நீளம். நீளமான வரிசை எங்கே இருக்கிறதோ அங்கே அதை விற்க ஓர் ஆள் நிற்பான். மாமாக் கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, "டிபிகேஎல் (மாநகர மன்றம்) உள்ளே நமக்கு ஆள் இருக்கு, 3,000 வைங்க, மூணு மாசத்துல சாவி" என்பான். சாவியைக் காட்டுகிறவனும் உண்டு, வீட்டைத் திறந்தே காட்டுகிறவனும் உண்டு. அது வேறொருவர் வாடகைக்கு எடுத்த வீடாக இருக்கும். பிபிஆர் வாடகைக்காரர் தன் வீட்டை இன்னொருவருக்கு விடவோ விற்கவோ உரிமை கிடையாது. நீங்கள் குடிபோன பிறகு ஒரு நாள் அதிகாரிகள் வந்து கதவைத் தட்டினால் உங்களிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது. புகார் கொடுக்கப் போனால், லஞ்சம் கொடுக்க முயன்றதாக நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கூச்சம்தான் இவர்களுடைய முதலீடு.

புதிய வீட்டை டெவலப்பரிடம் வாங்குவதானால் சட்டம் உங்கள் பக்கம் நன்றாகவே இருக்கிறது. விளம்பரத்திலேயே உரிம எண் இருக்க வேண்டும். வீடமைப்பு அமைச்சின் தெடூ (TEDUH) இணையத்தளத்தில் டெவலப்பர் பெயரைப் போட்டால் திட்டம் தாமதமா, கைவிடப்பட்டதா, கம்பெனி கறுப்புப் பட்டியலிலா என்று தெரியும். 1989ஆம் ஆண்டு விதிகளின்படி ஒப்பந்தத்துக்கு முன் புக்கிங் பணம் என்று எதையும் வாங்கக் கூடாது, ஆனாலும் எல்லா விற்பனைக் கூடத்திலும் வாங்குகிறார்கள். 2021ல் கூட்டரசு நீதிமன்றம் இதில் ஒரு நல்ல வேலை செய்தது: புக்கிங் பணம் வாங்கினால், வீடு ஒப்படைக்கும் காலக்கெடுவும் அந்த நாளிலிருந்தே ஓடும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள். அடுக்குமாடிக்கு 36 மாதம், தரை வீட்டுக்கு 24 மாதம், தாமதமானால் ஆண்டுக்கு 10 சதவிகித இழப்பீடு. வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை இழப்பீடு கேட்கலாம், மனுவுக்கு 10 வெள்ளி, வக்கீல் வேண்டாம். எங்கள் ஆபீஸ் முதலாளிக்கு இதை நான் வெளியே சொல்வது பிடிக்காது.

லெலோங், அதாவது ஏலத்துக்கு வரும் வீடு, பற்றி ஒரே வரி: 10 சதவிகிதம் கட்டி ஏலம் எடுத்த பிறகு கடன் கிடைக்காவிட்டால் அந்தப் பத்தும் போச்சு, கடன் உறுதியில்லாத இவர்களுக்கு அது சூதாட்டம்.

பன்னிரண்டு கட்டங்கள்

எல்லாம் பேசி முடித்த பிறகுதான் முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "சிசிரிஸ் எடுத்துப் பார்த்தியா?" அவன் மனைவி அவனைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்தான்.

யார் எந்தக் கடனை எப்படிக் கட்டினார் என்று காட்டும் அறிக்கைதான் சிசிரிஸ். அதைப் பார்க்கும் இ-சிசிரிஸ் பேங்க் நெகாராவின் தளம், இலவசம். அன்றைக்கே மேசையிலேயே பதிவு செய்து எடுத்தோம். கார் கடன் வரிசையில் கடைசி பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு சின்னக் கட்டங்கள். பூஜ்யம் என்றால் நேரத்துக்குக் கட்டியது, வேறு எண் என்றால் அத்தனை தவணை பாக்கி. இவனுடையதில் நவம்பரில் 1, டிசம்பரில் 2, ஜனவரியில் 1, மற்றதெல்லாம் பூஜ்யம். கியர்பாக்ஸ் போய் வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடந்த மாதங்கள். அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"இதனாலதான் அந்த வாட்ஸ்அப் ஆளுகிட்ட போனேன், சிசிரிஸ் கிளியர் பண்ணித் தர்றேன்னான்" என்றான். யாராலும் முடியாது. சிசிரிஸில் கறுப்புப் பட்டியல் என்று ஒன்று இல்லை, அழிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. நடந்தது நடந்தபடி இருக்கும், வங்கி பார்த்து முடிவு செய்யும். ஆனால் அந்த அறிக்கை பன்னிரண்டு மாதத்தைத்தான் காட்டும். பழைய கட்டம் தானாகவே வெளியே போகும்.

கடன் சுமையே கழுத்தை நெரிக்கிறது என்றால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. 2006ல் பேங்க் நெகாரா அமைத்தது, ஆலோசனைக்குக் காசில்லை. போய் உட்கார்ந்து பேசுவதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அவர்களுடைய கடன் நிர்வாகத் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் அது முடியும் வரை புதுக் கடன் ஏறக்குறைய மறந்துவிட வேண்டியதுதான். கிரெடிட் கார்டு நான்கைந்து வைத்து மூழ்கிக்கொண்டிருப்பவருக்கு அது உயிர்காக்கும் படகு. ஒரு கார் கடனில் மூன்று மாதம் தடுமாறி, பிறகு ஒழுங்காகிவிட்ட இவனுக்குத் தேவையில்லை.

ஆக, அன்றைய முடிவு: செத்தாபாக் ஏஜென்டுக்கு வேண்டாம் என்று சொல்வது. ரெசிடென்சி விலாயாவில் அன்றே பதிவது. ஃபாரம் பி ஜூன் 30க்குள். கார் தவணை ஆட்டோ டெபிட். முன்பணத்துக்கு மாதம் 700 வெள்ளி அவள் கணக்கில் ஒதுக்குவது. எஸ்ஜேகேபிக்கு வங்கியைத் தேடிப் போவது அடுத்த பிப்ரவரியில், 1-2-1 மூன்றும் அறிக்கையிலிருந்து விழுந்த பிறகு.

பணம் போட்டிருந்தால் உடனே 997க்கு அழைத்திருப்போம். மோசடியில் போன பணத்தை அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்க்கும் மையம் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. நல்லவேளை, இவன் போடவில்லை. பெயரும் ஐசி நம்பரும் கொடுத்துவிட்டதால் போலீஸ் புகார் மட்டும் கொடுக்கச் சொன்னேன். மாலை நாலே முக்காலுக்குப் புறப்படும்போது அவன் போன் மறுபடி அடித்தது. ப்ராசஸிங் ஃபீ 600 ஆகிவிட்டதாம், ஸ்பெஷல் டிஸ்கவுன்ட்.

அவன் மனைவி என் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கோயில் காலண்டரைப் பார்த்து, ஜூலையிலிருந்து ஜனவரி வரை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு பூஜ்யம் வேண்டும்.